பொறுப்பு சிஸ்டரும் மாட்டுத் தரகரும்

ஜூன் 3, திங்கள்

கோமளவல்லி மேடம் மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போய்விட்டார். அவர் திரும்பும்வரை ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் கூப்பிட்டு ஆணையைக் கையில் கொடுத்தார். 'அமலோற்பவம், பொறுப்பு' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். சம்பளம் கூடுமா என்று கேட்டார். கூடாது என்றேன். பிறகு எதற்கு இத்தனை பூரிப்பு என்றார். நான் பூரிக்கவில்லை. மிக்சி ஓடும்போது கொஞ்சம் பாடினேன், அவ்வளவுதான்.

கோமளவல்லி மேடம் போகும்போது ஒரே ஒரு அறிவுரை சொன்னார். எதையும் யாரிடமும் விடாதே, எல்லாவற்றையும் நீயே பார், அப்போதுதான் தப்பு நடக்காது. முப்பது வருட அனுபவம் உள்ளவர். பிரஷர் மாத்திரை காலை ஒன்று, மாலை ஒன்று.

ஜூன் 4, செவ்வாய்

காலையில் போர்வை, துண்டுகளை நானே எண்ணினேன். மருந்து அலமாரியை நானே அடுக்கினேன். கட்டு மாற்றினேன். சமையலறைக்குப் போன் போட்டு, கஞ்சியில் உப்பு அதிகம் என்று சொன்னேன். எக்ஸ்ரே அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். அது வார்டு ஆயா பாண்டியம்மாளின் வேலை. ஆனால் அவள் முனையில் திரும்பும்போது சுவரில் இடிப்பாள்.

நர்ஸ் மும்தாஜ் மேசை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தொகுப்பூதியத்தில் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அவள் ஊசி போட்டால் வலிக்காது. வாயைத் திறந்தால் வலிக்கும். மதியம் என்னிடம், "நானும் இங்கதான் இருக்கேன்க்கா. என்னையும் தூசி தட்டி அலமாரியில வச்சிருங்க" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. இன்சார்ஜ் சிரிக்கக் கூடாது.

ஜூன் 6, வியாழன்

நின்றுகொண்டே சாப்பிட்டேன். உட்கார்ந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

ஜூன் 8, சனி

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். பெயர் வீரணன். மாட்டுத் தரகர். சர்க்கரை வியாதி, இடது கால் பெருவிரலில் முள் குத்தி, கவனிக்காமல் விட்டு, இப்போது பாதம் முழுக்கக் கறுத்துவிட்டது. மகன் தவமணி பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்திருக்கிறார். அந்தக் காலோடு பைக்கில். திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்ல கையி. நடுங்காது. ஆனா ரெண்டு நாளாத் தூங்கலை போலருக்கே தாயி" என்றார். மாட்டைப் பார்க்கிற பார்வை. பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.

எல்லாவற்றுக்கும் பேரம் பேசுகிறார். இன்சுலின் போடப் போனால், இரண்டு வேளையை ஒரு வேளையாக்க முடியாதா என்கிறார். சோற்றைக் குறைத்தால் கூட்டை ஏற்றிக்கொடு என்கிறார். தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்களாம். துண்டை மூடிக்கொண்டு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்களாம். பிடித்த கையைப் பேரம் முடியாமல் விட்டதே இல்லையாம்.

டாக்டர் சேரலாதன் வந்து பார்த்தார். இந்த ஆஸ்பத்திரியில் இரண்டு சர்ஜன் பார்க்கவேண்டிய வேலையை ஒருவராகப் பார்க்கிறவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 10, திங்கள்

வீரணன் ஞாயிற்றுக்கிழமை இரவு சும்மா இருக்கவில்லை. வார்டில் தரகு பார்த்திருக்கிறார். ஜன்னல் ஓரம் வேண்டும் என்றவரை ஜன்னலுக்கும், காற்று ஆகாதவரை சுவர் ஓரத்துக்கும், தனக்குக் கட்டிலே பிடிக்கவில்லை என்றவரை இன்னொரு கட்டிலுக்கும் மாற்றிவிட்டார். இரு தரப்பிலும் ஆளுக்கொரு வாழைப்பழம் கமிஷன். ஆட்கள் மாறிவிட்டார்கள். கட்டில் தலைமாட்டில் தொங்கும் கேஸ் ஷீட் மாறவில்லை.

காலையில் வழக்கம்போல எல்லா ஊசியும் நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்பதாம் கட்டிலில் இன்சுலின். கையைத் துடைத்தேன். ஊசியைக் கொண்டுபோனேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மும்தாஜ்.

"அக்கா, இவருக்குச் சுகர் இல்ல" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வெறும் வயிற்றோடு படுத்திருந்த ஆள். பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் எப்படியும் கேட்டிருப்பேன். கேட்கத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

பிறகு கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன். நீண்ட நேரம் கழுவவேண்டியிருந்தது. வெயில்.

மும்தாஜ் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வேறு ஒரு விஷயமாக சூப்பரின்டெண்டென்ட் மேடத்தின் அறைக்குப் போனேன். அங்கே பேச்சுக்கு எதுவும் இல்லாததால் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாளைக்கு என்ன மாற்றப்போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

வீரணனைத் திட்டினேன். கமிஷன் பழங்களைப் பறிமுதல் செய்தேன். சர்க்கரைக்காரருக்கு எதற்கு வாழைப்பழம்? நானும் பாண்டியம்மாளும் சாப்பிட்டோம்.

ஜூன் 11, செவ்வாய்

வேலையைப் பிரித்துக்கொடுத்தேன். ஊசி, மருந்து எல்லாம் மும்தாஜ். பெயர் கேட்காமல் யாருக்கும் எதுவும் போடக்கூடாது. மயக்கத்தில் இருந்தால் கூட இருப்பவரிடம் கேட்கவேண்டும். துணி, சாப்பாடு, ஸ்ட்ரெச்சர் பாண்டியம்மாள். நான் புதிதாக வருகிறவர்களையும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களையும் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். இது எனக்கு ரொம்ப நாளாகவே இருந்த யோசனை. நேற்று நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பாண்டியம்மாள் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் இடித்தாள். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மும்தாஜ் சரியாகச் செய்கிறாளா என்று சும்மா ஒரு பார்வை பார்க்கலாமென்று தூணுக்குப் பின்னால் நின்றேன். மும்தாஜ் திரும்பாமலே, "அக்கா, கோட்டு தெரியுது" என்றாள். வார்டு முழுக்கச் சிரித்தது. வீரணன் சத்தமாகச் சிரித்தார். தூண் கொஞ்சம் ஒல்லி.

இந்த முறையை வீட்டிலும் புகுத்தினேன். சாம்பார் அவர் பொறுப்பு. பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் வந்தது. குறுக்கே பேசாமல் சாப்பிட்டேன். இன்சார்ஜுக்குப் பொறுமை வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

வீரணனின் காலுக்கு மருந்து கேட்கவில்லை. கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. டாக்டர் நாளைக்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட முடிவு செய்தார். தவமணியிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார். தவமணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, அய்யாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார், வீட்டுக்குப் போய்ச் சாகிறேன் என்பார் என்று கெஞ்சினார். புண்ணைக் கழுவப்போவதாகச் சொல்லிக் கூட்டிப்போங்கள், முழித்தபிறகு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வெளியே புறநோயாளி வரிசை கேட் வரைக்கும் நின்றது. டாக்டர் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார். "சிஸ்டர், பெரியவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிருங்க. புண்ணைச் சுத்தம் பண்றதுன்னு சொல்லுங்க போதும்." போய்விட்டார்.

நான் அதை மும்தாஜிடம் கொடுத்தேன். பிரித்துக்கொடுப்பது இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

பத்து நிமிடத்தில் படிவம் என் மேசைக்குத் திரும்பி வந்தது, வெறுமையாக.

"ஊசி போடச் சொன்னீங்க, போடுறேன். கட்டு மாத்தச் சொன்னா மாத்துறேன். அந்தாளு மூஞ்சியப் பாத்து இதச் சொல்ல என்னால ஆகாதுக்கா. வேணும்னா மேல எழுதிப் போடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இன்சார்ஜ் சொன்னதை மறுப்பதா? படிவத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். வீரணன் பக்கத்துக் கட்டில் ஆளிடம் ஒரு கன்றுக்குட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.

"கழுவுறதுக்கு எதுக்குத் தாயி எம் மகனை ரத்தம் கொடுக்கச் சொல்லிருக்காக?"

என்னிடம் பதில் இருந்தது. பதினெட்டு வருடத்தில் இந்த மாதிரிக் கேள்விக்குச் சொல்ல நிறைய பதில்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றை அப்படியே வைத்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவருகிறேன், அவரிடமே கேளுங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கன்றுக்குட்டியிடம் திரும்பினார். ஆனால் கதை அதற்குப் பிறகு நகரவில்லை.

தவமணியைத் தனியே கூப்பிட்டு, நான் பொய் சொல்லி கையெழுத்து வாங்கமாட்டேன், அய்யாவுக்கு டாக்டரே சொல்லட்டும் என்றேன். அய்யா செத்தால் நீதான் காரணம் என்றார். என் மேல் புகார் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். சூப்பரின்டெண்டென்ட் அறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மாடியில், இடது பக்கம் என்று வழி சொன்னேன். வேறு என்ன செய்வது, அவருக்கு இந்த ஆஸ்பத்திரி புதிது.

டாக்டருக்கு இரண்டு முறை போன் செய்தேன். தியேட்டரில் இருந்தார்.

போவதற்கு முன் வீரணனின் கட்டிலருகே நின்று, நாளைக் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், நடந்துகொண்டே இருப்பார், கேட்கவேண்டியதை அவரை நிறுத்திக் கேட்கவேண்டும் என்றேன். எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்டார். நான் அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன். பார்ப்பது குற்றமா?

ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கையெழுத்து ஆயிற்றா என்று நடந்தபடியே கேட்டார். ஆகவில்லை டாக்டர், பெரியவருக்கு உங்களிடம் ஒரு சந்தேகம் இருக்கிறதாம் என்றேன். எரிச்சலோடு கட்டிலருகே போய்க் காலைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

வீரணன் அந்தக் கையைப் பிடித்தார். துண்டைப் போட்டு மூடினார்.

டாக்டர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஐம்பது வருடமாக மாட்டுக் கயிற்றைப் பிடித்த கை. நான் ஸ்டூலை டாக்டருக்குப் பின்னால் போட்டேன். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"எம்புட்டுன்னு வெரலைப் பிடிச்சுச் சொல்லுங்க" என்றார் வீரணன். "வெரலா, பாதமா, அதுக்கும் மேலயா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் குரலை இறக்கிச் சொன்னார். விரலில் தொடங்கி, கறுப்பு எப்படி ஏறியது, ரத்தம் எங்கே நின்றுவிட்டது, எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்தால் என்ன ஆகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நன்றாகத்தான் சொல்கிறார்.

வீரணன் கணுக்காலோடு முடிக்கச் சொல்லிப் பேரம் பேசினார். டாக்டர் முடியாது என்றார். முழங்காலைக் காப்பாற்றினால்தான் செயற்கைக் கால் போட்டு நன்றாக நடக்கலாம் என்று விளக்கினார். அது கிழவருக்குப் பிடித்தது. பிறகு நாள் கேட்டார். ஒரு வாரம். டாக்டர் ஒரு நாளும் தள்ளக்கூடாது என்றார். துண்டுக்கடியில் கைகள் அசைந்தன. வியாழன் காலை என்று முடிந்தது. அதற்குள் காய்ச்சல் ஏறினால் உடனே தியேட்டர், பேச்சே கிடையாது. வீரணன் கையை விட்டார்.

வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம், இது ஆபத்தான விளையாட்டு சிஸ்டர், ஒரு நாள் என்பதே அந்தக் காலுக்கு ரொம்பப் பெரிய நாள் என்றார். எனக்கும் தெரியும்.

மதியம் சூப்பரின்டெண்டென்ட் மேடம் கூப்பிட்டார். புகார் மேசையில் இருந்தது. டாக்டர் சொன்னதை மறுத்தீர்களா என்றார். மறுக்கவில்லை மேடம், அந்த விளக்கம் அவர் சொல்லவேண்டியது, அதை நானும் வாங்கிக்கொள்ள முடியாது, எனக்குக் கீழே உள்ளவர்களிடமும் தள்ள முடியாது என்றேன். மேடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். கதவு வரை போனபிறகு, "நல்லாத் தெளிவா எழுதுங்க. நானும் ஒரு காலத்துல எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றார்.

ஜூன் 19, புதன்

அந்த அவகாசத்தை வீரணன் எதற்குக் கேட்டார் என்று இன்று தெரிந்தது.

பத்து மணிக்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். அவசரப் பிரிவுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் யாரோ மாட்டைக் கட்டியிருக்கிறார்கள், கேட்டால் வீரணனைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறார்கள் என்றார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் உண்டு. மாட்டுக்கு எந்த நேரம் என்று அவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

யோசித்தேன். மும்தாஜிடம், வாட்ச்மேனுக்கு ரொம்ப நாளாக பிரஷர் பார்க்கவில்லை, உள்ளே கூட்டிப்போய் நிதானமாகப் பார் என்றேன். அவள் இரண்டு கையிலும் பார்த்தாள். படுக்கவைத்து ஒரு முறை. உட்காரவைத்து ஒரு முறை.

வீரணனை வீல்சேரில் வைத்து நானே போர்டிகோவுக்குத் தள்ளிப்போனேன். காலைச் சுத்தமாகச் சுற்றி, தூரத்திலேயே நிறுத்தினேன். சிவப்புப் பசு, கூடவே கன்று. தவமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூண் ஓரம் நின்றார். வீரணன் மாட்டை நடக்கவிட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைக் காட்டச் சொன்னார். கொண்டுவந்த ஆள் பக்கத்தில் வந்து குனிய, துண்டு விழுந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த ஆள் சிரித்துக் கயிற்றைத் தவமணியிடம் கொடுத்தார்.

யாருக்காக முடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குத்தான் தாயி. ஒருத்தன்ட்ட பிடிச்சு ஒருத்தன்ட்ட விட்டே காலம் போச்சு. இனிமே வீட்டுல உக்காந்து நான் என்னத்தப் பாப்பேன்? இதப் பாப்பேன்."

தவமணி கயிற்றைப் பிடித்தபடி திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வீரணன் அதைப் பார்த்தார். பார்க்காதவர்போல, கன்றுக்குத் தண்ணி காட்டுடா என்றார்.

உள்ளே வந்ததும் பேனா கேட்டார். படிவத்தில் இருந்ததை டாக்டரே வந்து ஒருமுறை படித்துக்காட்டினார். வீரணன் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

நான்கு மணிக்குக் காய்ச்சல் ஏறியது. நூற்றி மூன்று. டாக்டரை அழைத்தேன். வியாழனுக்குக் காத்திருக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் உள்ளே கொண்டுபோய்விட்டோம். தவமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 20, வியாழன்

முழங்கால் தப்பியது. ஆனால் முதலில் சொன்ன இடத்தைவிட இரண்டு விரற்கடை மேலே எடுக்கவேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமையே செய்திருந்தால் அந்த இரண்டு விரல் மிஞ்சியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். மிஞ்சியிருக்கலாம், மிஞ்சாமலும் போயிருக்கலாம், உண்மையிலேயே தெரியவில்லை சிஸ்டர் என்றார். ஆறுதலுக்காக அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாதது நல்லது.

வீரணன் கண் விழித்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடினார். மாட்டுக்குத் தண்ணி வைத்தார்களா என்று கேட்டார்.

இரண்டு விரல். வீட்டில் சோறு பிசையும்போது விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன ஆயிற்று என்றார். சாம்பாரில் உப்பு இல்லை என்றேன். உப்பு இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

புகார் முடிந்தது. தவமணி வாபஸ் வாங்கவில்லை. என் விளக்கத்தின் கீழே டாக்டர் சேரலாதன், கையெழுத்து வாங்கச் சொன்னது தன் தவறு என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். யாரும் கேட்காமலே எழுதினாராம். சூப்பரின்டெண்டென்ட் மேடம் அதை என்னிடம் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.

கோமளவல்லி மேடம் போனில் பேசினார். பேத்தி. மேலும் இரண்டு மாத விடுப்பு. எல்லாவற்றையும் நீயேதான் பார்க்கிறாய் அல்லவா என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது மேடம் என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனாலும் பொய்யும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

வீரணன் வீட்டுக்குப் போனார். பாண்டியம்மாளுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்குக் கல்யாணமாகிப் பேரன் இருக்கிறான். அதனால் என்ன, வேறு நல்லதாகப் பார்க்கலாம் என்றாராம்.

தவமணி கடைசிவரை என்னிடம் பேசவில்லை. ஆட்டோ கிளம்பியபிறகு திரும்பி வந்தார். தன் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாமல் எக்ஸ்ரே எடுக்கலாமென்று இருந்தேன் என்றார்.

"கூட்டியாறேன். அவுகளும் உக்காந்து கேக்கட்டும். நீங்க பக்கத்துல இருப்பீங்கள்ல?"

இருப்பேன் என்றேன்.

ஜூலை 6, சனி

பொறுப்பு ஏற்றபிறகு முதல் விடுப்பு. வார்டு மும்தாஜ் கையில். வீட்டிலிருந்து போன் செய்யமாட்டேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். அவள் வெறுமனே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் துணி துவைத்தேன். தேங்காய் துருவினேன். கேட் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

பதினொரு மணிக்குப் போன் செய்தேன். சும்மாதான். முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். மும்தாஜ் எடுக்கவில்லை.

பாண்டியம்மாளுக்கு அடித்தேன். அவள் எடுத்தாள். சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு ஆளிடமும் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், இப்போது போனைத் தொடமாட்டார்களாம், நீங்கள் அடித்தால் சொல்லச் சொன்னார்கள் என்றாள்.

என்ன சொல்லச் சொன்னாள் என்று கேட்டேன்.

"தூங்கச் சொன்னாக."

தூங்கினேன்.